‘கிராப்’ என்றால் பறிப்பதா, பிடிப்பதா?

தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் 32 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர்களின் சொல் சந்தேகங்களுக்கு எழுதும் பதில்கள்.

கேள்வி: டீச்சர், வணக்கம். என் ஊர் பாலக்கோடு. ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. முதல் நாள் மேனேஜர் அறைக்குள் போனதும் அவர் “கிராப் எ சேர்” என்றார். ‘கிராப்’ என்றால் பறி, அபகரி என்றுதான் பள்ளியில் படித்திருந்தேன். யாருடைய நாற்காலியைப் பறிக்கச் சொல்கிறார் என்று புரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் பக்கத்தில் இருந்தவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்னும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அது மரியாதையான வார்த்தையா? எங்கிருந்து வந்தது? – ஓசூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: கண்ணு, நீ நின்றதில் உன் தப்பு எதுவும் இல்லை. ‘கிராப் என்றால் பறி’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. பாடத்தின் கடைசியில் வரும் சொற்பொருள் பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள், நாங்கள் அதற்கு மதிப்பெண் போடுவோம். வேலைக்குப் போன இடத்தில் அந்த ஒற்றைப் பொருள் உன்னை நிற்க வைத்துவிட்டது என்று படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தச் சொல்லுக்குள் இருப்பது பேராசை இல்லை, வேகம். கை சட்டென்று நீண்டு ஒன்றைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பிடித்த பொருள் யாருடையது, எதற்காகப் பிடித்தார்கள் என்பதைப் பக்கத்தில் வரும் சொற்கள்தான் சொல்லும். அடுத்தவர் நிலம் என்று வந்தால் அபகரிப்பு. கிணற்று மேட்டில் தடுமாறும் குழந்தையின் கை என்று வந்தால் காப்பாற்றுவது. நாற்காலி, காபி, மத்தியானச் சாப்பாடு என்று வந்தால் ‘சம்பிரதாயம் எல்லாம் வேண்டாம், சட்டுனு எடுத்துக்கோ’ என்று பொருள். நம் பக்கத்தில் “ஒரு சேரை இழுத்துப் போட்டு உட்காரும்மா” என்போமே, உன் மேனேஜர் சொன்னது அதுதான். “வா, ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்” என்கிறவர் யாரையும் அடிக்கப்போவதில்லை என்று நமக்குத் தெரிகிறது. ஆங்கிலத்தின் இந்தச் சொல்லும் அப்படிப் பேச்சில் புழங்கிப் புழங்கி முனை மழுங்கியது.

மரியாதை விஷயம்: மரியாதைக் குறைவு இல்லை, ஆனால் நெருக்கமான பேச்சு. கூட வேலை செய்பவரிடம் நீ தாராளமாகச் சொல்லலாம். வயதில் பெரியவரிடமோ, வெளியிலிருந்து வந்த விருந்தினரிடமோ சொல்லாதே. அங்கே ‘ப்ளீஸ் ஹேவ் எ சீட்’ போதும்.

சரி, இப்போது பிறந்த கதை. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

ஆங்கில எழுத்தில் இந்தச் சொல் தென்படத் தொடங்குவது 1580-களில். டச்சுக்காரர்களும் வட ஜெர்மனிக்காரர்களும் பேசிய பழைய மொழிகளில் ‘கிராபன்’ என்று இருந்தது, கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தது. அந்தப் பக்கத்து மக்களோடு ஆங்கிலேயருக்கு நீண்ட காலக் கடல் வியாபாரம். கப்பல் தளத்தைச் சொல்லும் ‘டெக்’, கப்பல் தலைவரைச் சொல்லும் ‘ஸ்கிப்பர்’ எல்லாம் அப்படி வந்தவை. உங்கள் கம்பெனியில் நாளெல்லாம் சொல்லும் ‘பாஸ்’ என்பதும் டச்சுச் சொல்தான். ‘கிராப்’ என்பதற்கு ஸ்வீடன் மொழியில் ஒரு உடன்பிறப்பு உண்டு. ரஷ்ய மொழியில் ‘கிராபித்’ என்றால் கொள்ளையடி.

அங்கிருந்து கிழக்கே வந்தால் ஈரான். பெஹிஸ்தூன் என்ற மலையில் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் பேரரசன் டேரியஸ் ஒரு பெரிய கல்வெட்டு வெட்டி வைத்தான். ஒருவன் அரசைக் கைப்பற்றினான் என்று சொல்லும் இடத்தில் ‘அகர்பாயதா’ என்று வருகிறது. நடுவில் உள்ள ‘கர்ப்’தான் நம் ஆள். அதன் வழிவந்ததுதான் பாரசீகத்தின் ‘கிரிஃப்தன்’. இந்திச் செய்திகளில் யாரையாவது கைது செய்தால் ‘கிரஃப்தார்’ என்று ஓடுகிறதே, அது இதன் பிள்ளை. கிருஷ்ணகிரியில் உருது பேசும் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னும் ஒரு எட்டு வைத்தால் சமஸ்கிருதம். அங்கே ‘கிரஹ்’ என்றால் பிடி. அதிலிருந்து வந்த சொல் நம் வீடுகளில் தினமும் புழங்குகிறது: கிரகணம்.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பென்னாகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். அன்று மத்தியானம் முழுச் சூரிய கிரகணம் கர்நாடகம், ஆந்திரம் வழியாகப் போனது. எங்களுக்குச் சூரியனில் பெரும்பகுதி மறைந்தது. மாடுகளை முன்னாடியே கட்டிவிட்டார்கள். எங்கள் ஆயா பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் உலக்கையை நிறுத்தி வைத்தாள். கிரகணம் இருக்கும்வரை உலக்கை தானாக நிற்கும் என்பது அவள் நம்பிக்கை. மோர்ப் பானையிலும் ஊறுகாய் ஜாடியிலும் புல் கிள்ளிப் போட்டாள். வெளிச்சம் மங்கி, வெயிலே வேறு நிறமாக ஆனபோது திண்ணையிலிருந்து உள்ளே பார்த்துக் கத்தினாள்: “புடிச்சிருச்சு, புடிச்சிருச்சு, யாரும் வெளிய வராதீங்க!”

ஆயாவுக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் சொன்ன ‘புடிச்சிருச்சு’தான் கிரகணம் என்ற சொல்லின் நேர்ப்பொருள். கிரகணம் என்றால் பிடித்தல். ஐரோப்பாவில் ‘கிராப்’ என்று திரிந்ததும், வேத மொழியில் நம் நாட்டில் திரிந்ததும் ஒரே வேர்ச்சொல்லின் இரண்டு கிளைகள் என்பதே மொழியியலாளர்களின் கணிப்பு. உன் மேனேஜர் சொன்ன சொல்லும் ஆயா பயந்த சொல்லும் பங்காளிகள்.

‘கிராப்பில் ப இருக்கிறது, கிரகணத்தில் ப எங்கே?’ என்று நீ கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இதற்கு விடை ஓசூர் பஸ் ஸ்டாண்டிலேயே இருக்கிறது. பெங்களூரு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் “கம்பி ஹிட்கொள்ளி” என்பார். நாம் ‘பிடி’ என்பதைக் கன்னடர் ‘ஹிடி’ என்கிறார்கள். நம் பால் அங்கே ஹாலு, நம் புலி ஹுலி, நம் பூ ஹூ. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் ‘ப’ என்றுதான் தொடங்கின. நாளாக நாளாக, அந்த மொழியில் சொல்லின் முதலில் வந்த ‘ப’ வெறும் மூச்சாகிவிட்டது. ஓசூர் என்ற பெயரே அதற்குச் சாட்சி. ஹொச ஊரு, அதாவது புது ஊர். அந்த ‘ஹொச’ பழைய கன்னடத்தில் ‘பொச’. நம் ‘புது’வும் அதுவும் ஒரே வேர்.

வடமொழியிலும் இதைப் போல ஒன்று நடந்தது. வேத காலத்தில் அந்த வினை ‘கிரஹ்’ இல்லை, ‘கிரப்’. கடைசியில் வரும் ‘ப்’ மூச்சுக்காற்றோடு அழுத்திச் சொல்லும் ஒலி. பின்னாளில் உதடு சேர்வது போய் மூச்சு மட்டும் நின்றது, ‘கிரஹ்’ ஆனது. பழைய வடிவம் தொலைந்துவிடவில்லை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் திருமணத்தைப் பாடும் 85-ஆம் பாடலில் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடிக்கும் இடத்தில் ‘க்ருப்ணாமி தே ஸௌபகத்வாய ஹஸ்தம்’ என்று வருகிறது. ‘நல்வாழ்வுக்காக உன் கையைப் பற்றுகிறேன்’ என்று பொருள். இன்றும் வைதிக முறைத் திருமணங்களில் புரோகிதர் இதைச் சொல்கிறார். அடுத்த முறை கேட்டால் அந்த ‘க்ருப்’பைக் காதில் வாங்கிப்பார். ‘கிராப்’ அங்கே அப்படியே இருக்கிறது. அங்கே அது பறிப்பதும் இல்லை, அபகரிப்பதும் இல்லை. கைப்பிடிப்பது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வடமொழியில் அந்த அழுத்தமான ‘ப’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் சாதாரண ‘ப’ வருவது இந்த ஒரு சொல்லில் மட்டும் இல்லை. பிராதா அங்கே பிரதர். சுமக்கும் பாரத்தின் உறவு, சுமப்பதைச் சொல்லும் ஆங்கில ‘பேர்’. இப்படி வரிசையாகப் பொருந்தினால்தான் உறவு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஓசை ஒத்துப்போவது மட்டும் போதாது.

கேள்வி: ‘கிரகணம்’ என்றாலே பிடித்தல் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். அப்படியானால் ‘கிரகணம் பிடித்தது’ என்று நாம் சொல்வது ‘நடுசென்டர்’ போலத் தவறுதானே? இதற்குத் தமிழர்களிடம் சொந்தச் சொல் இருந்ததா, இல்லை எல்லாமே கடனா? – கிருஷ்ணகிரியிலிருந்து ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் ஒருவர்

பதில்: ஐயா, தவறு என்று நான் சொல்லமாட்டேன். கடன் வாங்கிய சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று மக்களுக்குத் தெரியாது. ஆனால் நடப்பது என்ன என்று தெரியும். அதனால் தங்கள் வினையை அதனோடு ஒட்டிக்கொண்டார்கள். ‘சனி பிடித்தது’, ‘பேய் பிடித்தது’ என்பதும் இப்படித்தான். வடமொழியில் கோளுக்கும் ‘கிரகம்’, ஆளைப் பிடிக்கும் ஆவிக்கும் ‘கிரகம்’. சுசுருத சம்கிதையில் குழந்தைகளைப் பிடித்து நோய் உண்டாக்கும் கிரகங்கள் ஒன்பது சொல்லப்படுகின்றன. அவை வானத்துக் கோள்கள் இல்லை.

சொந்தச் சொல் இருந்ததா என்ற உங்கள் கேள்விதான் முக்கியமானது. இருந்தது. இப்போதும் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். மேலே சொன்ன குடும்பத்தில் தமிழ் இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் தனிக் குடும்பம் என்பதை சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-லேயே எழுதிவிட்டார். கால்டுவெல்லின் நூல் வந்தது 1856-ல். ஆகவே கிரகணம் நம்மிடம் வந்து தங்கிய சொல்.

நம்முடைய சொல் ‘கொள்’. குறள் 1146 ‘திங்களைப் பாம்புகொண் டற்று’ என்று முடிகிறது. காதலரைக் கண்டது ஒரு நாள், ஆனால் ஊர்ப்பேச்சு நிலவைப் பாம்பு பிடித்த செய்தி போல எங்கும் பரவிவிட்டது என்கிறாள் தலைவி. பிடித்தல் என்ற அதே எண்ணம், முழுக்கத் தமிழ் வினையில். அந்தக் ‘கொள்’ நீண்டால் ‘கோள்’. கொள்வது கோள். வடமொழி, பிடிப்பதைச் சொல்லும் வினையிலிருந்து கோளுக்குப் பெயர் வைத்தது. தமிழும் கொள்வதைச் சொல்லும் வினையிலிருந்தே வைத்தது. ஒன்பதாம் குறளில் ‘கோளில் பொறியின்’ என்று வருகிறதே, அங்கே கோள் என்பது வானத்தில் இல்லை. புலன்கள் தமக்கு உரியதைப் பற்றிக்கொள்ளும் திறன். வடமொழிக் ‘கிரகித்த’லும் ஆங்கிலத்தில் ஒன்றை ‘கிராஸ்ப்’ செய்வதும் கையிலிருந்து மூளைக்கு ஏறியவை. அந்த வேலையைக் ‘கொள்’ என்றோ செய்து முடித்துவிட்டது.

நீங்கள் நிலப் பதிவேடுகளோடு வாழ்ந்தவர். அதனால் இதையும் சொல்கிறேன். நம் இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் அதிகம். தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் அவை வரிசையாக நிற்கின்றன. பல தடவை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். பல்லவர் காலக் கற்களில் வட்டெழுத்தில் ‘தொறுக் கொண்ட ஞான்று’ என்று வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையைப் பிடித்துக்கொண்டு போன அன்று, அதை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு எடுத்த கல். ‘கொள்’ அங்கே முழுக்க முழுக்க ஆங்கிலத்தின் ‘கிராப்’. கொள்ளை என்ற சொல்லும் அதே வேரில் வந்தது. கொள்கை என்ற சொல்லும் அதே வேர். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் வகுப்பே அமைதியாகிவிடும்.

முதலையையும் விடக்கூடாது. வடமொழியில் முதலைக்கு ‘கிராஹம்’ என்று ஒரு பெயர் உண்டு. பிடிப்பது என்றே பொருள். கஜேந்திரனின் காலைப் பிடித்தது அதுதான். நம் பழமொழி ‘மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா’ என்கிறது. இங்கேயும் ‘கொண்டது’. ஒகேனக்கல்லில் முதலை மறுவாழ்வு மையத்தில் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடப்பவற்றைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஆற்றங்கரையில் நின்று பார்த்தது அந்த ஒரு வாயைத்தான்.

‘நில அபகரிப்பு’ என்ற சொல்லிலும் கிரகம் இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். இல்லை. அது ‘ஹர’ என்ற வேறு வினை, தூக்கிக்கொண்டு போவது. 2011-ல் தமிழகக் காவல்துறையில் இதற்கென்று தனிப்பிரிவு தொடங்கியபோது அதன் ஆங்கிலப் பெயரில் ‘லேண்ட் கிராபிங்’ என்று வைத்தார்கள். தமிழில் ‘நில அபகரிப்பு’ என்று வந்தது. பொருளுக்குப் பொருத்தமான பெயர்தான், வேர் மட்டும் வேறு. என்னைக் கேட்டால் ‘நிலப் பறிப்பு’ என்றே வைத்திருக்கலாம். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிற விவசாயிக்கு அது உடனே புரியும்.

கேள்வி: கிராப், கிரிப், கிராஸ்ப், கேட்ச் எல்லாமே பிடிப்பதுதான். இதில் மூன்று சொற்கள் ஒரே மாதிரி ‘கிர’ என்று தொடங்குகின்றன. எல்லாம் ஒரே குடும்பமா? திராட்சைக்குச் சொல்லும் ‘கிரேப்’பும் கையால் பறிப்பதால் வந்த பெயர் என்று நண்பன் சொல்கிறான். – அரூரிலிருந்து கல்லூரி மாணவர்

பதில்: ஒரே குடும்பம் இல்லை தம்பி. கிரிப்புக்கு வேறு வேர். இருட்டில் தடவுவதைச் சொல்லும் ‘குரோப்’ அதன் கூடப் பிறந்தது. ‘கேட்ச்’ சுத்தமாக வேறு. லத்தீனில் பிடிப்பதைச் சொன்ன வினை பிரெஞ்சு வழியாக வந்தது. வேட்டைக்காரர் சொல் அது. துரத்துவதைச் சொல்லும் ‘சேஸ்’ அதன் இரட்டை. ஒரே லத்தீன் சொல் பிரான்சின் இரண்டு வட்டாரப் பேச்சுகளில் இரண்டு விதமாகி, இரண்டுமே இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்று ஓடுவதை எடுத்துக்கொண்டது, மற்றது பிடிப்பதை எடுத்துக்கொண்டது.

உன் நண்பன் சொன்னதில் பாதி சரி. ‘கிரேப்’ கையிலிருந்து வரவில்லை, கொக்கியிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் அது ஒற்றைப் பழத்தின் பெயர் இல்லை, குலையின் பெயர். கொடியிலிருந்து கொக்கியால் குலையை இழுத்துப் பறிப்பதைச் சொன்ன வினையோடு உறவுடையது. நம் ஊரில் புளியும் மாங்காயும் பறிக்கத் தொரட்டி கட்டுவோமே, அந்தத் தொரட்டியின் பெயரே பழத்துக்கு வந்துவிட்டது போல என்று வைத்துக்கொள். கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கும் பாதாளக் கரண்டி பார்த்திருக்கிறாயா? அதைப் போல நான்கைந்து கொக்கி வைத்துக் கப்பல்காரர்கள் பயன்படுத்துவதற்கு ‘கிராப்னல்’ என்று பெயர். திராட்சையும் அதுவும்தான் உறவு. நம் ‘கிராப்’ அந்த வீட்டுப் பிள்ளை இல்லை.

மராட்டியக் கடற்படையில் ஓடிய ஒரு வகைக் கப்பலையும் ஆங்கிலேயர் ‘கிராப்’ என்றே எழுதினார்கள். கானோஜி ஆங்கரேயின் கப்பல்கள் பற்றிப் படித்தால் அடிக்கடி வரும். மற்றக் கப்பல்களைப் பிடிப்பதால் அந்தப் பெயர் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது அரபியின் ‘குராப்’. காகம் என்று பொருள்.

கேள்வி: எங்கள் தாத்தா ‘கிராப்பு வெட்டிக்கிட்டு வா’ என்பார். அந்தக் கிராப்பு? – காவேரிப்பட்டணம், எட்டாம் வகுப்பு

பதில்: அது வேறு கண்ணு. முடியைக் குட்டையாக வெட்டுவதற்கு ஆங்கிலத்தில் ‘கிராப்’ என்று ஒரு சொல் உண்டு. பயிருக்கும் அதே சொல்தான். குடுமி போய் இந்த வெட்டு வந்த காலத்தில் தமிழில் ‘கிராப்பு’ ஆனது. பிடிப்பதைச் சொல்லும் சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்து ஏழாவது எழுத்து, கடைசி எழுத்து இரண்டாவது. தமிழில் எழுதினால்தான் இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது. தாத்தாவிடம் குடுமிக் கதை கேட்டு எழுதி அனுப்பு. இடம் இருந்தால் போடச் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், நாங்கள் தொரப்பள்ளிக்குப் பக்கம். பள்ளியில் ராஜாஜி பற்றிப் பேச்சுப்போட்டி. ‘சத்தியாக்கிரகம்’ என்றால் அகிம்சை என்கிறார்கள். ஆனால் அதற்குள் ‘ஆக்கிரகம்’ என்று கோபமாக ஒரு சொல் இருக்கிறதே? ஆக்ரோஷம், ஆக்கிரமிப்பு மாதிரி. – பிளஸ் ஒன் மாணவி

பதில்: நல்ல காது உனக்கு. ஆனால் இந்த மூன்றும் மூன்று வேர். ஆக்ரோஷம் கத்துவதிலிருந்து வந்தது. ஆக்கிரமிப்பு காலடி வைப்பதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது, அடுத்தவர் இடத்தில் கால் வைப்பது. ஆக்கிரகம் மட்டும்தான் பிடிப்பது. இந்தப் பக்கத்தில் முதல் கேள்விக்கு எழுதியதைப் படி, அந்தக் ‘கிரஹ்’தான் இங்கேயும் இருக்கிறது. ‘ஆ’ சேர்ந்தால் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வது. தமிழில் ‘பிடிவாதம்’ என்கிறோமே, அதில் உள்ள ‘பிடி’யும் அந்த வேலையைத்தான் செய்கிறது. சத்தியாக்கிரகம் என்றால் உண்மையை விடாப்பிடியாகப் பற்றி நிற்பது.

இந்தச் சொல் காந்திக்கு எங்கிருந்தோ ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்கள் கூடி, அநியாயச் சட்டத்துக்குப் பணியமாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். அந்தப் போராட்டத்துக்கு இந்தியப் பெயர் இல்லை. காந்தி நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் நல்ல பெயர் சொல்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். மகன்லால் காந்தி ‘சதாக்கிரகம்’ என்று எழுதி அனுப்பினார். நல்லதைப் பற்றி நிற்பது என்று பொருள். காந்தி அதைச் ‘சத்தியாக்கிரகம்’ என்று திருத்திக்கொண்டார். இன்றைக்கு உலக அகராதிகளில் இருக்கும் அந்தச் சொல்லில் பாதி ஒரு வாசகர் போட்டியிலிருந்து வந்தது. இந்த மாதிரிப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.

பேச்சில் இதைச் சொல்: உங்கள் ஊரில் 1878-ல் பிறந்த ராஜாஜி, 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதானார். அதற்குச் சில வாரம் முன்னால் தண்டியில் காந்தி தொண்டர்களிடம், அள்ளிய உப்பைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், கையே உடைந்தாலும் சரி என்று சொல்லியிருந்தார். திருப்பி அடிக்கக் கூடாது. ஓடக் கூடாது. உப்பை மூடிய கையோடு நிற்க வேண்டும். போலீசார் மணிக்கட்டைப் பிடித்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள். ஆக்கிரகம் என்றால் என்ன என்று மேடையில் யாராவது கேட்டால், கையை இறுக்கி மூடிக் காட்டு.